‘எதிர்நீச்சல்’ அப்பத்தாவை வில்லி என்று சொன்னவருக்கு

மின்மினி:
நேற்று பழையகணக்கு சார் ஒரு பதிவு போட்டிருந்தார். சன் டிவி ‘எதிர்நீச்சல்’ தொடரில் வீட்டையே மிரட்டி வைத்திருக்கும் ஆதி குணசேகரன் வில்லன் இல்லையாம், பட்டம்மாள் அப்பத்தாதான் வில்லியாம். 40 சதவீதப் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டு மருமகள்கள் நாலு பேரும் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தபோது அறைக்குள் வாய்மூடி உட்கார்ந்திருந்தாராம். படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

2022 பிப்ரவரி 7 அன்று தொடங்கிய நாளிலிருந்து 2024 ஜூன் 8 அன்று முடிந்தது வரை பார்த்தவள் நான். படித்த பெண்களாகத் தேடிப் பிடித்துக் கல்யாணம் செய்து கூட்டி வந்து, வாசல்படி தாண்டவிடாமல் வைக்கிற வீடு அது. அந்த வீட்டில் குணசேகரன் முன்னால் குரல் நடுங்காமல் பேசிய ஒரே மனுஷி அப்பத்தா. அவர் பேசாமல் இருந்ததைப் பயம் என்று நினைக்கிறீர்கள். நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆளுக்கும் பயந்த ஆளுக்கும் வித்தியாசம் தெரியவில்லையா?

பழையகணக்கு:
கேள்வி ஒன்றுதான். 40 சதவீதம் கையில் இருந்ததா இல்லையா? இருந்தது. அப்புறம் ஏன் முதல் நாளே கேட்கவில்லை?

மின்மினி:
கடைசி மருமகள் ஜனனி வருவதற்கு முன்பு யாருக்காகக் கேட்க வேண்டும்? ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி மூன்று பேரும் அந்த வீட்டுக்குப் பழகி, தலை குனிந்து நடக்கக் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது. எதிர்த்து நிற்க ஓர் ஆள் வந்த பிறகுதான் அப்பத்தா வாயைத் திறந்தார். முன்னாலேயே திறந்திருந்தால் மூன்று மருமகள்களும் குணசேகரன் பக்கம் நின்று, “கிழவிக்கு எதற்கு இந்த வேலை” என்றிருப்பார்கள். அதை மறுக்க முடியுமா உங்களால்?

ஒன்பதரைமணி:
நான் மின்மினி அக்கா பக்கம்தான். ஆனால் ஒரு சந்தேகம். அந்த 40 சதவீதம் என்பது கம்பெனிப் பங்கா, நிலமா, பூர்வீகச் சொத்தில் பாகமா? அதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை முடிந்துவிடுமே.

பழையகணக்கு:
எதுவாக இருந்தால் என்ன தம்பி? 40 என்றால் 40. நூறில் நாற்பது. அது கையில் இருக்கிற மனுஷி, குணசேகரனின் தங்கை ஆதிரைக்குப் பிடிக்காத கல்யாணம் நடந்தபோது என்ன செய்தார்? அருணை விரும்பிய பெண்ணுக்குக் கரிகாலன் தாலி கட்டினான். அந்தப் பொழுதில் 40 சதவீதம் எங்கே போனது?

மின்மினி:
தாலியையும் பங்கையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே! சொத்து வைத்திருந்தால் கல்யாண மண்டபத்தில் போய் நிறுத்திவிடலாமா? சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். கம்பெனிப் பங்கு என்றே வைத்துக்கொள்வோம். 2013 கம்பெனிகள் சட்டப்படி சாதாரணத் தீர்மானம் நிறைவேறப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். சிறப்புத் தீர்மானத்துக்கு முக்கால் பங்கு வேண்டும். 40 வைத்திருப்பவர் சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்கலாம். ஆனால் தன் விருப்பப்படி கம்பெனியை நடத்த முடியாது. தடுக்க முடியும், ஓட்ட முடியாது. அப்பத்தாவின் குணமே அதுதான். அவர் ஓடி வந்து கத்துகிற ஆள் இல்லை. வழியில் கல்லைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். எதிரே வருகிறவன் தடுக்கி விழுவான். அதைப் புரிந்துகொள்ளாமல் கிறுக்குக் கிழவி, ஊமைக் கிழவி என்று எழுதுகிறீர்கள்.

பழையகணக்கு:
ஊமைக் கிழவி என்று நான் எழுதவே இல்லை. “வாய்மூடி” என்றுதான் எழுதினேன். சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது உங்கள் பழைய வழக்கம். கரிகாலன் பற்றிப் பேசியபோதும் இதையேதான் செய்தீர்கள்.

மின்மினி:
கரிகாலனைக் கோமாளி, பாவம் என்று எழுதியது நீங்கள். ஒரு பெண்ணின் விருப்பத்தை மிதித்துத் தாலி கட்டியவனைப் பாவம் என்பீர்கள், அப்பத்தாவை வில்லி என்பீர்கள். உங்கள் கணக்கே தனிக் கணக்குதான்.

திண்ணைப்பேச்சு:
எங்கள் பக்கம் அப்பாயி என்றுதான் சொல்வோம். அப்பத்தா என்று கேட்டாலே யாரோ வேற்று வீட்டு ஆள் மாதிரி இருக்கிறது. அதனால்தானோ என்னவோ எனக்கு அந்தக் கேரக்டர் ஒட்டவே இல்லை.

ஒன்பதரைமணி:
கதை மதுரையில் நடக்கிறது. மதுரையில் அப்பத்தா என்றுதானே சொல்வார்கள்? திருச்சிப் பக்கத்து வழக்கை மதுரையில் எதிர்பார்த்தால் எப்படி?

திண்ணைப்பேச்சு:
மதுரையில் எல்லா வீட்டிலும் அப்பத்தா இல்லை தம்பி. பாட்டி என்று கூப்பிடும் வீடுகளும் இருக்கின்றன. நான் பத்து வருஷம் அங்கே இருந்தவன்.

மின்மினி:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். விஷயம் 40 சதவீதம்.

கறுப்புமை:
நான் பத்திரம் எழுதுகிற தொழிலில் இருப்பவன். ஆகவே ஒரு வார்த்தை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி ஒரு பெண்ணிடம் இருக்கும் சொத்து அவளுக்கே முழு உரிமை. பேரனைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அப்பத்தாவின் கைரேகையை வைத்து அந்த 40 சதவீதம் கை மாறியதாகத் தொடரில் காட்டியதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. நிலமோ வீடோ தானமாகப் போக வேண்டும் என்றால் இரண்டு சாட்சிகளோடு பத்திரம் பதிவாக வேண்டும். எழுதிக் கொடுத்தவர் சார்பதிவாளர் முன் வந்து, “நான்தான் எழுதிக் கொடுத்தேன்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நடமாட முடியாதவர் என்றால் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழி இருக்கிறது. கைரேகை மட்டும் இருந்தால் சொத்து கை மாறிவிடும் என்று காட்டியதைப் பார்த்து, எங்கள் தெருவில் வயதானவர்கள் பயந்துபோய் என்னிடம் கேட்டார்கள்.

பழையகணக்கு:
பார்த்தீர்களா! தொழில் தெரிந்தவரே சொல்கிறார், அந்தக் கதை ஓட்டை என்று.

மின்மினி:
கறுப்புமை அண்ணா கதையைச் சொன்னார், அப்பத்தாவைச் சொல்லவில்லை. “முழு உரிமை” என்று அவர் முதலில் சொன்னதை மட்டும் விட்டுவிட்டீர்களே! அதுதான் என் கட்சி. தன் சொத்தைத் தனக்குப் பிடித்தவருக்குக் கொடுக்கும் உரிமை அந்தக் கிழவிக்கு உண்டு. குணசேகரன் தன் மடியில் வந்து விழும் என்று காத்திருந்த பங்கு, ஜீவானந்தம் பெயருக்குப் போனது. குணசேகரன் நிலைகுலைந்து போனாரே, மறந்துவிட்டதா? அத்தனை வருஷம் வீட்டையே மிரட்டிய ஆள், ஓர் அறைக்குள் இருந்த கிழவியிடம் தோற்றார். அடிதடி இல்லை, கூச்சல் இல்லை. இதைவிடப் பெரிய வேலையை அந்தத் தொடரில் யார் செய்தார்கள்? சொல்லுங்கள், கேட்கிறேன்.

பழையகணக்கு:
ஜீவானந்தம் செய்தார். அப்பத்தா இல்லை. அந்த வேடத்தில் இயக்குநர் திருச்செல்வமே வந்து நடித்தார், கதை அவர் பக்கம் போய்விட்டது. ‘கோலங்கள்’ தொடரிலும் தொல்காப்பியனாக அவரே வந்தார். அதன் நாயகி அபியின் போராட்டத்தில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். இங்கே அப்பத்தாவின் 40-ஐ எடுத்துக்கொண்டார்.

ஒன்பதரைமணி:
தொல்காப்பியனைத் தொடாதீர்கள் சார். அபிக்குத் தோள் கொடுத்த தோழன் அவர். 2003-லிருந்து 2009 வரை எங்கள் அம்மா அந்த ஒரு கேரக்டருக்காகவே பார்த்தார். அபியிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் ‘கோலங்கள்’ முழுசாகப் பார்த்தீர்களா?

பழையகணக்கு:
நீ பள்ளிக்கூடம் போகும் முன்பே நான் பார்த்தவன்.

திண்ணைப்பேச்சு:
குணசேகரனாக நடித்த மாரிமுத்து சார் இருந்தவரை எல்லாம் நன்றாக இருந்தது. 2023 செப்டம்பர் 8 அன்று அவர் இறந்துபோன பிறகு நான் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். “இந்தாம்மா ஏய்” என்று அவர் சொல்லும்போது வந்த அதட்டல் வேறு யாருக்கும் வராது.

கறுப்புமை:
அவருக்குப் பிறகு குணசேகரனாக வந்த வேல ராமமூர்த்தியும் சளைத்தவர் இல்லையே. அவர் எழுத்தாளர், மண்ணின் பேச்சு தெரிந்தவர். நடுவில் வந்து ஒரு கேரக்டரைத் தூக்கிச் சுமப்பது லேசா?

திண்ணைப்பேச்சு:
லேசு என்று நான் சொல்லவில்லை. மாரிமுத்து வேறு என்றேன்.

மின்மினி:
மாரிமுத்து சாருக்கு இணையாக நின்று பேசியது யார் என்று யோசித்தீர்களா திண்ணை அண்ணா? அப்பத்தாவாக நடித்த பாம்பே ஞானம் அம்மா. ஆண் வேடத்தையும் பெண்களே போடும் மகாலட்சுமி பெண்கள் நாடகக் குழுவை நடத்தியவர் அவர். மேடையில் பழகிய குரல் அது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே அவர் விடும் இடைவெளியைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த இடைவெளியில்தான் குணசேகரனுக்கு வியர்க்கும். அந்த நிதானத்தைத்தான் பழையகணக்கு சார் “வாய்மூடி” என்கிறார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பழையகணக்கு:
நடிகையைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. நன்றாக நடித்தார். கேரக்டரைச் சொல்கிறேன். 40 சதவீதம் வைத்திருந்தும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

மின்மினி:
கேட்டார்.

பழையகணக்கு:
எப்போது கேட்டார்? நந்தினி வாய்விட்டு அழுதபோது கேட்டாரா? ரேணுகாவின் நடனத்தை மூட்டை கட்டி வைத்தபோது கேட்டாரா? ஈஸ்வரி இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் வரை வாய் பேசாமல் இருந்தபோது கேட்டாரா?

மின்மினி:
அந்த நந்தினி பின்னால் சமையலையே தொழிலாக்கினாளே, அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? சொந்தக் காலில் நில்லுங்கள் என்று அந்த வீட்டில் முதலில் சொன்ன பெரிய மனுஷி யார்? குணசேகரனைப் பெற்ற தாய் விசாலாட்சி மகன் பக்கமே நின்றபோது, மருமகள்கள் பக்கம் நின்ற கிழவி யார்? பாட்டி என்றால் கொஞ்ச வேண்டும், பூஜை அறையில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சண்டை மூட்டி விட வேண்டும். சீரியல் பாட்டிகள் நமக்கு அப்படியே பழகிப்போய்விட்டார்கள். சொத்துக் கணக்கு பேசுகிற, யாரை நம்புவது என்று தானே முடிவு எடுக்கிற பாட்டி வந்ததும் விசித்திரமாகத் தெரிகிறது. எனக்கு அவர் விசித்திரமாகத் தெரியவில்லை. என் சொந்த அப்பத்தா மூன்று வருஷம் ஓர் ஆளிடம் பேசவில்லை. நிலத்தை அளந்து கல் நட்ட அன்று கிளம்பி வந்து, அந்த ஆள் எதிரே ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். கூடியிருந்தவர்கள் அதோடு கலைந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட கிழவிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால்தான் விடாமல் பேசுகிறேன்.

கறுப்புமை:
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2007-ல் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டுச் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று ஆக்கக் கேட்கலாம். 23-ஆம் பிரிவு. நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது நல்லது. தொடர் பார்க்கிற வயதானவர்களுக்கு இது பயன்படும்.

ஒன்பதரைமணி:
நன்றி அண்ணா. ஆனால் அந்த 40 சதவீதம் பங்கா நிலமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

பழையகணக்கு:
தம்பி, அது தேவையே இல்லை என்று அப்போதே சொன்னேன். மின்மினி, உங்கள் வீட்டுக் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பத்தா மூன்று வருஷத்தில் வந்துவிட்டார். இந்த அப்பத்தா ஈஸ்வரியின் பிள்ளைகள் கல்யாண வயதுக்கு வரும் வரை காத்திருந்தார். அதைத்தான் கேட்கிறேன்.

மின்மினி:
என் வீட்டுப் பெரியவரை உங்கள் கணக்கில் இழுக்காதீர்கள். நான் சொன்னது உங்களுக்குப் புரிவதற்காக.

பழையகணக்கு:
நீங்கள்தான் இழுத்தீர்கள்.

திண்ணைப்பேச்சு:
2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ பார்த்தீர்களா யாராவது? ஜனனியாக மதுமிதா இல்லை, பார்வதி வருகிறார். எனக்கு இன்னும் பழகவில்லை.

ஒன்பதரைமணி:
பார்வதி நன்றாகத்தான் செய்கிறார். எல்லாவற்றிலும் பழசையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் அண்ணா.

மின்மினி:
ஜனனி யாராக வந்தாலும் சரி, அந்த வீட்டில் ஜனனி பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் அப்பத்தா இருக்கிறார். பழையகணக்கு சார், நீங்கள் இன்னும் பத்து தடவை 40 சதவீதம் என்று எழுதுங்கள், நானும் பத்து தடவை பதில் எழுதுகிறேன். அப்பத்தா ஜனனியிடம் பேச ஆரம்பித்த காட்சிகளையெல்லாம் முதலிலிருந்து வரிசையாக எடுத்து எழுதப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை.

பழையகணக்கு:
எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழேயும் ஒரே கேள்வி கேட்பேன். 40 சதவீதம் கையில் இருந்ததா இல்லையா?