காலையில் 84, நண்பகலில் 94: அப்பாவின் ஆக்சிமீட்டர் சொல்வதில் எதை நம்புவது?

தொட்டபெட்டாக்காரன்

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீடியை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. பீடி தந்துவிட்டுப் போனது மட்டும் நெஞ்சில் இருக்கிறது. சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று கோவையில் பார்க்கும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் காலையும் மாலையும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போது 88க்குக் கீழே நின்றால் உடனே கூப்பிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. அது அப்பாவுக்கென்று அவர் சொன்ன எண். வேறு யாரும் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் இருப்பது உதகை. இப்போது மார்கழிக் குளிர். நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

திங்கள் காலை 6 மணி: 84, நாடி 51
திங்கள் நண்பகல்: 94, நாடி 82
திங்கள் மாலை: 93, பிறகு வெறும் கோடு, பிறகு 87
செவ்வாய் காலை 6 மணி: 81, நாடி 47
செவ்வாய் நண்பகல்: 93, நாடி 80

காலையில் 81 காட்டிய மனிதர் அடுத்த நிமிடம் செய்தித்தாளை விரித்துத் தலையங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக் கருவியை வாங்கிப் போட்டால் மூன்று எண் வித்தியாசம் காட்டுகிறது. எந்த நோயும் இல்லாத அம்மா சும்மா மாட்டிப் பார்த்தார். ஆக்சிஜன் 89, நாடி 96 என்று எழுதியிருக்கிறார். அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கருவி கெட்டுவிட்டதா, அல்லது நாங்கள் ஏதோ ஆபத்தைக் கவனிக்காமல் இருக்கிறோமா?

இரவுப்பணி

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆளைப் பற்றிப் பேசிவிடுவோம். பேச்சு ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நிற்கிறதா, உதடோ நாக்கோ நீலம் பாய்கிறதா, வழக்கத்துக்கு மாறான குழப்பமோ எழுப்ப முடியாத தூக்கமோ இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எண் 97 காட்டினால்கூட 108ஐ அழையுங்கள். தலையங்கத்தைத் திட்டும் அளவுக்கு மூச்சு இருக்கிறது என்கிறீர்கள், அதனால் மேலே பேசலாம்.

உங்கள் நோட்டில் என் கண்ணில் முதலில் பட்டது ஆக்சிஜன் அல்ல, நாடி. நண்பகலில் 80, காலையில் 47. எழுந்து நடமாடும் ஒருவருக்கு இவ்வளவு தாழ்வது வழக்கமில்லை. நாளைக் காலை கருவி விரலில் இருக்கும்போதே அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கருவி காட்டும் நாடியும் உங்கள் கணக்கும் ஒத்துவரவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் எண்ணை எழுதவே வேண்டாம். ஒத்துவந்து, அதுவும் 50ஐ ஒட்டியே இருந்தால் அது வேறு விஷயம். மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள்.

இன்னும் சில கேள்விகள். எழுந்து எவ்வளவு நேரத்தில் மாட்டுகிறீர்கள்? கை சில்லென்று இருக்கிறதா? எந்த எண்ணை எழுதுகிறீர்கள், முதலில் வருவதையா, நிலைத்து நிற்பதையா? மாலையில் அந்தக் கோடு வரும்போது வேறு ஏதாவது நடந்துகொண்டிருந்ததா?

நேர்பட

இதெல்லாம் 2021இல் அவசரத்தில் வந்து இறங்கிய சரக்கு. ஒரு பேனாவைச் செருகிப் பாருங்கள், அதற்கும் 95 காட்டும். குப்பையில் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள்.

சால்டரிங் சண்முகம்

நேர்பட அவர்களே, பேனாச் சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பிடித்திருக்கும் கை ஆடும்போது பேனாவைத் தாண்டி வரும் ஒளியும் ஏறி இறங்கும். சில கருவிகள் அதைத் துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். நல்ல கருவி ஏமாறக்கூடாது என்பது சரி. ஆனால் பேனாவில் ஏமாறியது விரலிலும் தப்பாகத்தான் காட்டும் என்று சொல்ல முடியாது.

உள்ளே இருப்பது இவ்வளவுதான். ஒரு பக்கம் இரண்டு விளக்குகள்: சுமார் 660 நானோமீட்டரில் சிவப்பு, 940இல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எதிர்ப்பக்கம் ஒளியை அளக்கும் உணரி. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் விட்டுவிடும்; ஆக்சிஜன் இறங்கியது சிவப்பை விழுங்கிவிடும். ஆனால் எலும்பு, தோல், சிரை ரத்தம் எல்லாமே ஒளியை விழுங்குகின்றன. அதில் தமனி ரத்தத்தின் பங்கை எப்படிப் பிரிப்பது? துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் டகுவோ அவோயாகி சாயத்தைச் செலுத்தி, இதயம் வெளியேற்றும் ரத்தத்தை அளக்க முயன்றுகொண்டிருந்தார். துடிப்பு அவருக்குத் தொல்லையாக வந்து சேர்ந்தது. அதை ஒழித்துக்கட்டப் போனவருக்கு 1974இல் கிடைத்தது இந்த வழி.

ஆகவே விரலில் துடிப்பு மங்கினால் கருவி ஊகிக்கத் தொடங்கிவிடும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும்போது நடப்பது அதுதான். உங்கள் கருவியில் எண்ணுக்குப் பக்கத்தில் ஏறி இறங்கும் பட்டையோ அலையோ இருக்கும். சீராக, ஒரே உயரத்துக்கு எழும்ப வேண்டும். துள்ளித் தடுமாறினால் எண்ணும் தடுமாற்றமே. சில கருவிகளில் பிஐ என்று ஒரு சிறு எண்ணும் இருக்கும். விரலில் துடிப்பு எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை அது சொல்லும். அது 1க்கும் கீழே போகப்போக எனக்குச் சந்தேகம் கூடும்.

பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு சிறு கண்ணாடிச் சன்னல்களையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். என்னிடம் பழுது என்று வந்த கருவிகளில் வெறும் அழுக்கோடு வந்தவை நிறைய.

மூக்குக்கண்ணாடி

அம்மாவின் கணக்கைப் பற்றி ஒரு சந்தேகம். 89, 96 என்று ஒரு தாளில் மேலும் கீழுமாகக் கட்டம் கட்டமான எண்களில் எழுதுங்கள். இப்போது தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். மேலே 96, கீழே 68! ஆக்சிஜன் 96, நாடி 68 என்றால் ஆரோக்கியமானவருக்கு மிகப் பொருத்தம். அம்மா கருவியை எதிர்ப்பக்கத்திலிருந்து படித்திருப்பாரோ?

தொட்டபெட்டாக்காரன்

மூக்குக்கண்ணாடி அவர்களே, நீங்கள் ஒரு மகான். அம்மா மாட்டிக்கொண்டு கையை மேசைமேல் வைத்திருக்கிறார். எதிரே நின்று படித்துச் சொன்னவள் என் மகள். இப்போது நேராகப் பார்த்தோம்: 96, நாடி 70.

இரவுப்பணி அக்காவுக்கு: அப்பா ஆறு மணிக்கு எழுந்து வெளிக்குழாயில் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் மாட்டிவிடுகிறோம். கை பனிக்கட்டிதான். முதலில் வரும் எண்ணை எழுதிவிட்டுக் கழற்றிவிடுவது வழக்கம். மாலையில் பிபியும் பார்க்க வேண்டும் என்பதால் இடது கையில் பட்டையைச் சுற்றி, அதே கையின் விரலில் இதையும் போட்டுவிடுகிறோம், ஒரே வேலையாக.

இரவுப்பணி

அந்தக் கோட்டுக்கு விடை கிடைத்துவிட்டது. பிபி பட்டை இறுகும்போது கீழே விரலுக்குப் போகும் ரத்தம் நிற்கிறது. துடிப்பு இல்லை, எண்ணும் இல்லை. ஒரு கையில் பிபி, மறு கையில் ஆக்சிமீட்டர். அல்லது ஒன்று முடிந்தபின் மற்றொன்று.

காலைக்கு இப்படிச் செய்யுங்கள். முகம் கழுவி வந்ததும் வேண்டாம். கம்பளியைப் போர்த்தி, முதுகு சாய்ந்து ஐந்து பத்து நிமிடம் உட்காரட்டும். கையை வெதுவெதுப்பான நீரில் வைத்து நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்ளட்டும். நடுவிரல் அல்லது ஆட்காட்டி விரல், நகம் மேல்பக்கம், விரல்நுனி உள்ளே முட்டும் வரை. நகம் நீண்டிருந்தால் நுனி எட்டாது, வெட்டிவிடுங்கள். கை மேசையில், நெஞ்சு உயரத்தில் அசையாமல் இருக்கட்டும். பேச வேண்டாம், தலையங்கம் பிறகு. சன்னல் வெயில் நேராக விழுந்தால் ஒரு துணியால் மூடுங்கள். ஒரு நிமிடமாவது காத்திருந்து, எண் நிலைத்து நிற்பதை எழுதுங்கள். கருவி கடந்த சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. முதலில் மின்னும் எண்ணுக்கு மதிப்பில்லை.

இரண்டு கருவிக்கும் மூன்று எண் வித்தியாசம் இருப்பதில் வியப்பில்லை. உண்மை அளவிலிருந்து இரண்டு மூன்று எண் விலகல் இவ்வகைக் கருவிகளுக்கு இயல்பு. 90 என்று காட்டினால் ரத்தத்தில் 86ஆகவும் இருக்கலாம், 94ஆகவும் இருக்கலாம். ஒரே கருவி, ஒரே விரல், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள். உதகை 2,200 மீட்டருக்கு மேல் என்பதால் கோவையில் காட்டுவதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

நேர்பட

வெந்நீர் எதற்கு? மலைவீட்டில் கணப்புச் சட்டி இருக்குமே. கரியை மூட்டி அறைக்குள் வைத்துக் கையைக் காட்டினால் போதும்.

இரவுப்பணி

தயவுசெய்து வேண்டாம். மூடிய அறையில் கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அது ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கருவிக்கு வேறுபாடு தெரியாது. ஆக்சிஜன் என்றே எண்ணி 98 காட்டிக்கொண்டிருக்கும், ஆள் மயங்கிக்கொண்டிருப்பார். அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழாமல் போன செய்தி மலையில் குளிர்காலத்தில் வருவதுதானே. புகைபிடிப்பவர்களுக்கும் இதே காரணத்தால் எண் சற்று உயர்வாகக் காட்டும்.

கல்யாணவீடு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். தங்கைக்கு ஆஸ்துமா. கல்யாணத்துக்கு வைத்த மருதாணி விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கிறது, நகப்பூச்சு வேறு. கருவி எண்ணே காட்டவில்லை.

சால்டரிங் சண்முகம்

நகப்பூச்சை அழித்துவிடலாம், நீலம், கறுப்பு போன்ற அடர்நிறங்கள்தான் அதிகத் தொல்லை. மருதாணியை அழிக்க முடியாது. சாதாரணச் சிவப்பு மருதாணி பெரும்பாலும் பாதகமில்லை, அடர்ந்து கறுத்ததுதான் ஒளியை மறிக்கும். மருதாணி படாத விரலோ, கால்விரலோ பாருங்கள். காது மடலில் இதை மாட்ட வேண்டாம். அதற்குத் தனிக் கவ்வி உண்டு.

மூக்குக்கண்ணாடி

தோல் கறுப்பாக இருந்தால் கருவி தப்பாகக் காட்டும் என்று படித்தேன். நம்மில் பலருக்கும் அது பொருந்துமே?

இரவுப்பணி

பொருந்தும், எந்தப் பக்கம் தப்பும் என்பதுதான் முக்கியம். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உண்மையில் 88க்கும் கீழே இருந்தவை வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். அதாவது இருப்பதைவிடக் கூட்டிக் காட்டுகிறது. ஆகவே குறைந்த எண் வந்தால் "என் நிறம் அப்படி" என்று தள்ளிவிட இதைச் சாக்காக்க முடியாது. நல்ல எண் வந்தும் மூச்சு திணறினால், திணறலை நம்புங்கள்.

தொட்டபெட்டாக்காரன்

ஒரு வாரமாக நீங்கள் சொன்னபடி செய்கிறோம். காலை அளவு 91, 92 என்று நிற்கிறது. நாடி 80ஐ ஒட்டி, மணிக்கட்டுக் கணக்கோடு ஒத்துப்போகிறது. மாலையில் கோடு வருவதே இல்லை.

ஆனால் புதிதாக ஒன்று. நேற்று குளியலறைக்குப் போய் வந்து உட்கார்ந்த கையோடு மாட்டினோம். 85. கை சூடாகத்தான் இருந்தது. பட்டை சீராக ஏறி இறங்கியது. நாடி 104, நான் எண்ணியதும் 104. மறுபடி 90ஐத் தொட வெகுநேரம் ஆனது. இன்றும் அதேதான். நடந்து வந்த அசைவினால் என்று விட்டுவிடலாமா?

இரவுப்பணி

விட்டுவிடக் கூடாது. கை சூடு, பட்டை சீர், நாடி ஒத்துவருகிறது, இரண்டு நாளும் அப்படியே. இது கருவியின் கோளாறு போலத் தெரியவில்லை. நடக்கும்போது அப்பாவுக்கு உண்மையிலேயே இறங்குகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றே மருத்துவரைக் கூப்பிட்டு, ஓய்வில் எவ்வளவு, நடந்தபின் எவ்வளவு, திரும்ப ஏற எவ்வளவு நேரம் என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். யாராவது சிலிண்டர் இருக்கிறது என்று கொடுத்தால் நீங்களாக மாட்டிவிட வேண்டாம். சிஓபிடிக்காரர்களுக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறிப் போனால் உடலில் கரியமில வாயு தேங்கும். பலருக்கு 88 முதல் 92 வரை வைத்தால் போதும் என்றுதான் மருத்துவர்கள் குறி வைப்பார்கள்.

கோவைக்குப் போகும்போது நோட்டோடு உங்கள் கருவியையும் எடுத்துப் போங்கள். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் மறு கையில் உங்கள் கருவியை மாட்டி, அது காட்டுவதையும் ரத்த அறிக்கையின் எண்ணையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

தொட்டபெட்டாக்காரன்

போய் வந்தோம். ரத்த அறிக்கையில் 89, அதே நேரத்தில் எங்கள் கருவியில் 91. கருவியை மாற்றத் தேவையில்லை என்றார் மருத்துவர். தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். 84 வரை இறங்கியது. நோட்டில் இனி ஓய்வுக்கு ஒரு பத்தி, நடைக்கு ஒரு பத்தி. நடக்கும்போது பயன்படுத்த வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். மின்வெட்டு நேரத்தில் அதை எப்படிச் சமாளிப்பது என்பதைத் தனியாகக் கேட்கிறேன். சண்முகம் அண்ணன் அங்கேயும் வர வேண்டும்.