உங்கள் பிள்ளைமீது சேவல் பாய்ந்திருக்கிறதா?

முற்றத்துக்காரி:
நான்கு வயது மகள் முட்டை எடுக்கப் போனாள். ஒன்றரை வயதுச் சேவல், குஞ்சிலிருந்து அவள் மடியில் வளர்ந்தது. அன்று ஓர் இறக்கையைத் தரையில் உரசவிட்டு, பக்கவாட்டில் அவளைச் சுற்றி வந்தது. “அம்மா, ஆடுகிறது பார்!” என்று கைதட்டினாள். நானும் சிரித்தேன். மறுநொடி இரண்டு காலையும் முன்னால் நீட்டிப் பாய்ந்துவிட்டது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே கால்முள் கிழித்த கோடு. காயம் ஆறிவிட்டது. நான் சிரித்ததுதான் உறுத்துகிறது.

பதினொரு பெட்டை:
என் அனுபவம் வேறு. பருந்து வட்டமிட்டதும் எங்கள் சேவல் நீளமாக ஒரே ஒரு குரல் கொடுத்தது. பெட்டைகள் எல்லாம் புதருக்குள். மகன் மட்டும் வெட்டவெளியில் நின்றபடி, கையிலிருந்த குஞ்சைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். அந்தக் குரலுக்குப் பொருள் என்னவென்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. சேவல் இல்லாத முற்றம் காவல் இல்லாத முற்றம்.

பழைய தழும்பு:
பருந்துக்குப் பயந்து பிள்ளையின் கண்ணைப் பணயம் வைப்பீர்களா, ஐயா? என்னையும் எட்டு வயதில் ஒரு சேவல் முழங்காலில் குத்தியது. பாட்டி துடைப்பத்தோடு ஓடி வந்தார், அவ்வளவுதான் கதை. ஆனால் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, பெட்டை தானாக இடும். குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் சேவல், அதுவும் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். பெட்டை குறைந்தால், இணைசேரச் சேவல் ஏறும்போது மிதிபட்டு மிதிபட்டு அவற்றின் முதுகு மொட்டையாகிவிடும். மடியில் வைத்துக் கொஞ்சிய சேவலுக்கு மனிதரிடம் அச்சம் விட்டுப்போகும் என்பது என் கணிப்பு. இறக்கையைத் தாழ்த்தினாலோ கழுத்து இறகு சிலிர்த்தாலோ பிள்ளையைத் தூக்கிவிடுங்கள். முதுகைக் காட்டி ஓடினால் துரத்தும். கால்முள்ளின் நுனியை மட்டும் அராவி மழுக்கலாம், உள்ளே எலும்பும் இரத்தமும் உண்டு, ஒட்ட வெட்டாதீர்கள். ஆழமாகக் குத்தியிருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

பதினொரு பெட்டை:
துடைப்பத்தால் அடித்தால் அதன் முறைப்பு கூடத்தான் செய்யும். உங்கள் பாட்டிமீது எனக்கு மரியாதை உண்டு, இருந்தாலும்.

முற்றத்துக்காரி:
நான் யோசனை கேட்கவில்லையே. சேவலை அன்றே தனியாக அடைத்துவிட்டேன். மகள் கம்பிவலைக்கு வெளியே எட்ட நின்று, “பெட்டைகளிடமும் இப்படித்தானே ஆடுகிறது, அவற்றை ஏன் குத்தவில்லை?” என்று கேட்கிறாள்.