லோட் பேலன்ஸருக்குப் பின்னால் எந்த சர்வர் பதில் தந்தது? கோடிலிருந்தே பெயரை எடுப்பது எப்படி?

கேள்வி:
பிஎச்பி ஆப் ஒன்று மூன்று சர்வர்களில் ஓடுகிறது, முன்னால் லோட் பேலன்ஸர் (வரும் ரிக்வெஸ்டுகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது). அவ்வப்போது 500 எரர் (சர்வர் பக்கப் பிழை) வருகிறது, எந்த மெஷினில் என்று பிடிபடவில்லை. பிஎச்பியின் சர்வர் அரேயில் உள்ள 'சர்வர்_நேம்' மதிப்பை லாகில் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் தளத்தின் டொமைன்தான் வருகிறது. மெஷினின் பெயர் வேண்டும்.

பதில் 1:
பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது விர்ச்சுவல் ஹோஸ்டின் (வெப் சர்வரில் அந்தத் தளத்துக்கான அமைப்பின்) பெயர். அப்பாச்சி வெப் சர்வரில் 'யூஸ்கனானிக்கல்நேம்' ஆஃபில் இருந்தால் (இயல்பிலேயே ஆஃப்தான்) பிரௌசர் அனுப்பும் ஹோஸ்ட் ஹெடரே அதில் வந்து உட்காரும். அந்த ஹெடரை யாரும் இஷ்டத்துக்கு மாற்றி அனுப்பலாம். பாஸ்வேர்ட் ரீசெட் லிங்கை அதை வைத்துக் கட்டியிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

உங்களுக்கு வேண்டியது 'கெட்ஹோஸ்ட்நேம்' பங்ஷன். பிஎச்பி 5.3 முதல் இருக்கிறது, உள்ளே எதுவும் கொடுக்க வேண்டாம். மூன்றும் ஒரே இமேஜிலிருந்து குளோன் செய்தவை என்றால் பெயரும் ஒன்றாகவே இருக்கலாம். முதலில் ஒவ்வொன்றிலும் 'ஹோஸ்ட்நேம்' கமாண்ட் அடித்துப் பாருங்கள்.

பதில் 2:
டாக்கரில் (ஆப்பைக் கன்டெய்னர் என்னும் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓடுகிறதா? அப்படியானால் அதே பங்ஷன் 12 எழுத்து கன்டெய்னர் ஐடியைத் தரும். கன்டெய்னரை அழித்துப் புதிதாக ஏற்றினால் அதுவும் மாறிவிடும். பல மெஷின்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் பாடின் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு) பெயர் கிடைக்கும். நோடின் (பாட் ஓடும் மெஷின்) பெயர் வேண்டுமானால் டவுன்வர்ட் ஏபிஐ வழியாக 'ஸ்பெக்.நோட்நேம்' மதிப்பை ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் ஏற்ற வேண்டும்.

பலர் இடறும் இடம் இதற்கு அடுத்தது: எஃப்பிஎம் (பிஎச்பி ப்ராசஸ்களை நிர்வகிப்பது) தன் வொர்க்கர்களுக்கு என்விரான்மென்ட் வேரியபிள்களைத் துடைத்துவிட்டுத்தான் தரும். பூல் கான்ஃபிக்கில் 'கிளியர்_என்வ்' என்பதை 'நோ' ஆக்காவிட்டால், அல்லது அந்த ஒரு வேரியபிளை மட்டும் பெயர் சொல்லி அங்கே சேர்க்காவிட்டால், கோடில் ஒன்றும் கிடைக்காது.

கேட்டவர்:
டாக்கர் இல்லை, நேரடி சர்வர்கள்தான். கெட்ஹோஸ்ட்நேம் வேலை செய்கிறது, நன்றி. ஆனால் சில 500கள் பிஎச்பி லாகிலேயே வருவதில்லை. இன்னொன்று, இதே அமைப்பில் ஒரு ஜாவா சர்வீஸும் ஒரு டாட்நெட் சர்வீஸும் உண்டு.

பதில் 3:
வெப் சர்வர் எஞ்சின்எக்ஸ் என்றால், லாகுக்கே வராதவற்றை அதில் பிடியுங்கள். 'ஆட்_ஹெடர்' வரியில் 'ஹோஸ்ட்நேம்' வேரியபிளைக் கொடுத்து, கடைசியில் 'ஆல்வேஸ்' சேருங்கள். அதை விட்டால் 200, 302 போன்றவற்றுக்கு மட்டும்தான் ஹெடர் ஒட்டும், 500க்கு ஒட்டாது. எழுத வேண்டியது பின்னால் உள்ள மூன்று மெஷின்களில்; பேலன்ஸரில் எழுதினால் பேலன்ஸரின் பெயர்தான் வரும். உள் பெயர் வெளியே தெரியக் கூடாதென்றால் 'எ1', 'எ2' என்று குறியீடு போதும்.

ஜாவாவில் 'இன்எட்அட்ரஸ்.கெட்லோக்கல்ஹோஸ்ட்' பெயரை ஐபியாக மாற்றவும் முயலும். ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் டிஎன்எஸ்ஸிலும் பெயர் இல்லையென்றால் 'அன்நோன்ஹோஸ்ட் எக்செப்ஷன்'. டிஎன்எஸ் மெதுவாக இருந்தால் ரிக்வெஸ்டும் தொங்கும். ஸ்டார்ட்அப்பில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டாட்நெட்டில் 'என்விரான்மென்ட்.மெஷின்நேம்' விண்டோஸில் நெட்பயாஸ் (பழைய நெட்வொர்க் முறை) பெயரைத் தரும், 15 எழுத்தோடு வெட்டிவிடும். கடைசி எண்ணில் மட்டும் வேறுபடும் நீளமான பெயர்கள் என்றால் அந்த எண்ணே போய்விடும். 'டிஎன்எஸ்.கெட்ஹோஸ்ட்நேம்' பயன்படுத்துங்கள்.