பெர்முடேஷன் என்றால் அடுக்கா, அடுக்கை மாற்றுவதா? விடை ஒத்துப்போகவில்லை, உதவுங்கள்

நிலா_கணிதம்:
வணக்கம். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு, தமிழ்வழி. வரிசை மாற்றம் (பெர்முடேஷன்) என்றால் பொருள்களை அடுக்கும் விதம் என்று பிளஸ் ஒன்னில் படித்தேன். 5 புத்தகங்களில் 2 எடுத்து அடுக்க 20 வழி. அது புரிந்தது. இப்போது இயற்கணிதத்தில் அதே சொல்லுக்கு, ஒரு கணத்திலிருந்து அதே கணத்துக்குப் போகும் இருபுறச் சார்பு என்று வரையறை வருகிறது. அடுக்கு எப்படிச் சார்பு ஆகும்? இந்தக் குழப்பத்தில் கணக்கும் இடிக்கிறது. (1 2 3) என்ற சுழல் 1-ஐ 2-க்கும், 2-ஐ 3-க்கும், 3-ஐ 1-க்கும் அனுப்பும்; பெருக்குவது என்றால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது. (1 2 3)(1 2) என்பதைப் பெருக்கினால் எனக்கு (1 3). புத்தகத்தில் (2 3). நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உள்தேர்வு.

பழைய_கரும்பலகை:
உங்கள் விடை தப்பில்லை அம்மா, புத்தகமும் தப்பில்லை. நீங்கள் வலப்பக்கத்துச் சுழலை முதலில் செய்திருக்கிறீர்கள்: 1 போய் 2, 2 போய் 3, ஆக 1 போவது 3-க்கு. புத்தகம் இடமிருந்து போகிறது: 1 போய் 2, அடுத்த சுழலில் 2 போய் 1, ஆக 1 அசையவில்லை. இரண்டு வழக்கமும் உண்டு. பாடத்தின் முதல் இரண்டு பக்கங்களில் எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். தேர்வுத்தாளிலும் 'இடமிருந்து வலம்' என்று விடைக்கு மேலே எழுதிவிடுங்கள்.

இனி பெரிய கேள்வி. அடுக்களை அலமாரியில் மூன்று டப்பாக்கள் வையுங்கள்: மஞ்சள் 1, மிளகு 2, சீரகம் 3. இப்போது ஒரு தாளில் 2 3 1 என்று எழுதுங்கள். 'முதல் இடத்தில் 2-ஆம் டப்பா' என்று படித்தால் மிளகு, சீரகம், மஞ்சள். 'முதல் இடத்தில் இருப்பது 2-ஆம் இடத்துக்குப் போகட்டும்' என்று படித்தால் சீரகம், மஞ்சள், மிளகு. எழுதியது ஒன்றுதான், அலமாரி இரண்டு விதம்! ஒன்று மற்றதன் நேர்மாறு. மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பள்ளிக்கூடத்தில் நாம் எண்ணியது கடைசியில் நிற்கும் அலமாரியை. கல்லூரியில் பெருக்குவது டப்பாவை நகர்த்தும் செயலை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு டப்பா, எந்த டப்பாவும் இரண்டு இடத்தில் இல்லை, எதுவும் விடுபடவில்லை. இருபுறச் சார்பு என்பது அவ்வளவுதான். உங்கள் 5-இல் 2 கணக்கில் மூன்று புத்தகங்கள் வெளியே நின்றுவிடுகின்றன, அதனால் அது ஒன்றுக்கொன்றான சார்பு மட்டுமே. ஐந்தையும் அடுக்கும்போதுதான் இரண்டு பாடமும் ஒன்றாகச் சேரும்.

பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் ஓர் அழகான கணக்கு உண்டு. சிவனின் பத்துக் கைகளில் பாசம், அங்குசம், சூலம், உடுக்கை என்று பத்துப் பொருள்கள். அவற்றைக் கைக்குக் கை மாற்றினால் எத்தனை உருவங்கள்? 36,28,800. நான்கு கை திருமாலுக்கு 24. கை மாற்றுவது செயல், கிடைக்கும் உருவம் அடுக்கு. ஒரே கேள்விக்குள் இரண்டும் இருக்கின்றன.

கோபுரமணி:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கிலாந்துத் தேவாலயங்களில் மணிகளை வரிசை மாற்றி மாற்றி அடிக்கும் கலை 17-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. 7 மணிக்கு 5,040 வரிசை. 8 மணிக்கு 40,320. 1963-இல் லஃப்பரோவில் அத்தனையையும் ஆள் மாறாமல் அடித்து முடிக்கச் சுமார் 18 மணி நேரம் ஆனது. அவர்கள் ஒரு சுற்று ஒலிப்பதை 'வரிசை' என்றும், அடுத்த சுற்றுக்கு நகர்வதை 'மாற்றம்' என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். நம்முடைய சொல்லில் இரண்டும் ஒட்டியே இருக்கின்றன, கவனித்தீர்களா?

நிரல்_பழகுநன்:
இதே இழையில் கேட்டுவிடுகிறேன். 'அம்மா' என்ற சொல்லைப் பைத்தான் நிரல்மொழியின் பெர்முடேஷன்ஸ் செயற்கூறுக்குக் கொடுத்தேன். அ, ம், மா என்று மூன்றெழுத்து, 6 வர வேண்டும். 120 வருகிறது. பாதி வரிகளில் புள்ளி தனியாகத் தொங்குகிறது. என்ன செய்ய?

கோபுரமணி:
தம்பி, கணினிக்கு அது மூன்றெழுத்து இல்லை. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறிகள். ஐந்தின் காரணீயப் பெருக்கம் (5×4×3×2×1) 120. அதோடு, அந்தச் செயற்கூறு பொருளைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கிறது. இரண்டு 'ம'வையும் வேறுவேறாக எண்ணும். ஒரே மாதிரி வரிகளை நீக்கக் கணமாக மாற்றினால் 60 ஆகும், அதுவும் உங்களுக்கு வேண்டியதல்ல. முதலில் ஓப்பன்-தமிழ் தொகுப்பைக் கொண்டு சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பட்டியலாக்குங்கள், அப்புறம் அந்தப் பட்டியலைக் கொடுங்கள்.

நிரல்_பழகுநன்:
6 வந்துவிட்டது. நன்றி அண்ணா. எதை அடுக்குகிறோம் என்று முதலில் நான் கேட்டிருக்க வேண்டும்.

நிலா_கணிதம்:
ஐயா, பாடத்தின் இரண்டாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக இருக்கிறது: 'பெருக்கல் இடமிருந்து வலம்.' இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. டப்பாவை வைத்தே அடுத்த கணக்கையும் போட்டேன், அம்மா மிளகைத் தேடுகிற அளவுக்கு. (1 2)(2 3): இடமிருந்து போனால் 1 போய் 3, 3 போய் 2, 2 போய் 1. அதாவது (1 3 2). புத்தகத்திலும் அதேதான். வலமிருந்தும் போட்டுப் பார்த்தேன், (1 2 3) வருகிறது. சரிதானே?

பழைய_கரும்பலகை:
சரிதான் அம்மா. அந்த இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், டப்பாக்கள் பழைய இடத்துக்கே வந்துவிடும்.