பொருள்: தொட்டி மண்ணில் போடும் ஜெல்லுக்குத் தமிழில் என்ன?

காட்பாடி:
மாடித்தோட்டக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஈரம் பிடிக்கத் தொட்டி மண்ணில் கலக்கும் ஹைட்ரோஜெல் குருணைக்கு 'நீர்க்கூழ்மம்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

ஆரணி:
சரியில்லை ஐயா. கூழ்மத்தைக் கொலாய்டுக்கு, அதாவது நுண்துகள்கள் கரையாமல் பரவி நிற்கும் கலவைக்குக் கொடுத்தாயிற்று, பாலும் கூழ்மம்தான். இந்தக் குருணை கரையாது. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வலையாகப் பின்னிய பாலிமர், நீரை உள்ளிழுத்து உப்பும். ஏந்து + இ = ஏந்தி; 'நீரேந்தி' என்போம். ஏந்தல் என்றால் சிறு ஏரி. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் ஊர்ப்பெயர்களிலேயே நிற்கிறது.

குடியாத்தம்:
நம் பக்கம் ஏரி ஏரிதான், ஏந்தல் யாருக்கும் புரியாது. கடையில் 'ஜெல்' என்றே கேட்கிறார்கள். சொல்லைவிட, தண்ணீரைப் பற்றி எழுதுங்கள். 5 கிராம் குருணையை ஒரு லிட்டர் மழைநீரில் போட்டால் ஓரிரு மணி நேரத்தில் நீர் முழுவதும் வெந்த ஜவ்வரிசிபோல் திரண்டுவிடும். உப்பேறிய போர்த் தண்ணீரில் பாதிகூட உப்பாது, கால்சியம் வலையை இறுக்கிவிடும். உரக்கரைசலில் ஊறவைத்தாலும் இதே கேடு.

காட்பாடி:
சேர்க்கிறேன். லிட்டர் மண்கலவைக்கு 1 முதல் 2 கிராம் என்று போட்டிருக்கிறேன். அதே பாடத்தில் தென்னை நார்க்கழிவும் வருகிறது. இரண்டுக்கும் பொதுவாக 'ஈரங்காப்பி'?

ஆரணி:
காப்பி என்று முடிந்தால் டம்ளர்தான் நினைவுக்கு வரும். 'ஈரங்காப்பான்' ஆகலாம்.

ஆற்காடு:
காப்பான் ஆண்பாலாக ஒலிக்கிறதே?

ஆரணி:
தெளிப்பான், அழிப்பான் எல்லாம் ஆண்களா, அம்மா? அஃறிணைக் கருவிக்கு அந்த ஈறு வழக்கில் ஊறிவிட்டது.

ஆற்காடு:
பொதுப்பெயராக ஏற்கிறேன். நார்க்கழிவு தன் துளைகளில் நீரைப் பிடிக்கிறது, ஜெல் தானே உப்புகிறது. ஆகவே ஜெல்லுக்குத் தனிச்சொல் வேண்டும். ஆனால் 'பூசா ஹைட்ரோஜெல்' என்ற விற்பனைப் பெயர் பையிலேயே இருக்கும்போது நீரேந்தி கேட்டுப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார்.

குடியாத்தம்:
அளவு மீறினால் வரும் கேட்டையும் எழுதுங்கள். உலர்குருணையை அள்ளிப் போட்டால் தண்ணீர் விட்டதும் மண் தொட்டி விளிம்பைத் தாண்டி எழும்பும், காற்றில்லாமல் வேர் அழுகும். மேலே தூவினால் வெயிலில் சிதையும். வேர் படும் ஆழத்தில் கலக்கவேண்டும்.

காட்பாடி:
'நீரேந்தி (ஜெல்)' என்று போடுகிறேன். மூன்று பேர் சம்மதம்.

ஆரணி:
அச்சுக்காகச் சம்மதித்தேன். மறுபதிப்பில் அடைப்புக்குறி போகவேண்டும்.

குடியாத்தம்:
நான் சம்மதிக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் சொல்.