ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ல காசு குடுத்து புது சிவ் (ஆடறதுக்கு எடுக்கற நாகரிகம்) வாங்கறது வொர்த்தா?

தூக்கம்வரல:
மக்களே ஒரு டவுட்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் கேம ஒரு சேல்ல எடுத்தேன், 200 மணி நேரம் தாண்டிடுச்சு, அதுல முக்காவாசி பிரிட்டன்ஸ் இல்லனா மாயன்ஸ் தான், அம்புக்காரனுங்கள கூட்டமா சேத்து தள்ளிட்டுப் போறது மட்டும் தான் எனக்கு உருப்படியா வருது. ரேங்க்டுல (புள்ளி வச்சு மத்தவங்களோட ஆடற போட்டி) 900 கிட்ட தத்தளிச்சிட்டு இருக்கேன். சிவ் செலக்ட் பண்ற ஸ்க்ரீன்ல கொஞ்சம் கட்டம் வாங்காததால மங்கலா கிடக்கறத பாக்கப் பாக்க கை அரிக்குது, அதுலயும் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியான்னு ஒரு டிஎல்சி (தனியா காசு குடுத்து வாங்கற கூடுதல் பேக்), அதுல திராவிடியன்ஸ் வேற இருக்கே. அதுக்காக மட்டும் வாங்கலாமா, இல்ல அடுத்த சேல்ல எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிடலாமா? இருக்கற 35 சிவ்லயே நீ ரெண்டத் தாண்டல, இதுல இன்னும் எதுக்குடா காசுன்னு ரூம்மேட் கேக்குறான், பதில் இல்ல எங்கிட்ட. இன்னொண்ணு, நான் தோக்கறதுக்கு காரணம் எதிராளி காசு குடுத்த சிவ் வச்சிருக்கறதா கூட இருக்குமா?

குதிரைலாயம்:
கடைசி கேள்விக்கு மொதல்ல பதில், இல்ல. 900ல நீங்க தோக்கறது டவுன் சென்டர் ஆள உருவாக்காம சும்மா நிக்கறதால, எதிராளி என்ன சிவ்ங்கறதால இல்ல. கோவிச்சுக்காதீங்க, நானும் அங்க தான் ஒரு வருஷம் உக்காந்திருந்தேன்.

ஆனா புகார்ல உண்மையே இல்லன்னும் சொல்ல மாட்டேன். அதே டைனஸ்டீஸ் 2022 ஏப்ரல்ல வந்தப்ப கூடவே வந்த குர்ஜராஸ் இருக்கே, அத எதிர்த்து ஆடினவனுக்குத் தான் தெரியும் வலி. ஆட்ட அடிச்சுத் திங்க வேணாம், மில்லுக்குள்ள விட்டாப் போதும், அது பாட்டுக்கு சாப்பாடு வந்துட்டே இருக்கும். ஷ்ரிவம்ஷா ரைடர்னு ஒரு குதிரைக்காரன், வர்ற அம்புல முதல் கொஞ்சத்த அப்படியே ஒதுங்கிடுவான், உங்கள மாதிரி அம்ப மட்டும் நம்பி இருக்கறவன் அன்னைக்கு ராத்திரி கேம அன்இன்ஸ்டால் பண்ணிட்டு தான் தூங்கணும். அப்புறம் ஒவ்வொரு பேட்ச்லயும் அடிச்சு அடிச்சு குறைச்சாங்க. காசு குடுத்து சீக்கிரம் வாங்கினவனுக்கு சில மாசம் லாபம், அவ்ளோதான்.

நான் மவுண்டன் ராயல்ஸ் வரைக்கும் வந்த டிஎல்சி எல்லாத்தையும் வாங்கினவன். இன்னைக்கும் ஆடறது கேமோடயே வந்த ஃப்ராங்க்ஸ். இதுல இருந்து நீங்களே புரிஞ்சுக்கங்க.

ஆனைக்காரன்:
திராவிடியன்ஸ மட்டும் வச்சே நான் 300 கேம் கிட்ட ஆடிருக்கேன் அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். இதுல என்ன குடுக்கறாங்கன்னா, ஒவ்வொரு ஏஜ் (காலகட்டம்) ஏறும்போதும் 200 மரம் சும்மா வரும், பாரக்ஸ்ல (காலாட்படை கூடாரம்) பண்ற ஆராய்ச்சி எல்லாம் பாதி விலை, ஸ்கிர்மிஷரும் (எறிஈட்டிக்காரன்) யானை மேல உக்காந்து அம்பு விடறவனும் 25 சதவீதம் வேகமா அடிப்பான், மீன் புடிக்கறவன் ஒரு நடைல 15 கூட சுமந்துட்டு வருவான். கேக்க நல்லா தான் இருக்கு. என்ன இல்லன்னா, நைட்ங்கற கவசக் குதிரைவீரன் இல்ல. சத்தியமா இல்ல, ஸ்டேபிள்ல (லாயம்) அந்த இடமே காலி. குதிரைய பலப்படுத்தற பிளட்லைன்ஸும் இல்ல, வேகப்படுத்தற ஹஸ்பண்ட்ரியும் இல்ல.

அதனால என்னாகும்னா அரேபியாங்கற திறந்த தரை மேப்ல கேசில் ஏஜ் ஏறின உடனே எதிராளி ரெண்டு ஸ்டேபிள் போட்டு நைட்டா விடுவான், நீங்க ஈட்டிக்காரன வச்சுக்கிட்டு ஒரு மரவெட்டிக் கூட்டத்த காப்பாத்தப் போனா அவன் அடுத்த பக்கம் தங்கச் சுரங்கத்துல வில்லேஜர வெட்டிட்டு இருப்பான், நடந்து போறவன் குதிரைல போறவன எங்க புடிக்கறது. நான் ஆரம்பத்துல தொடர்ந்து 11 கேம் தோத்தேன் இப்படியே. இதே சிவ்வ ஐலண்ட்ஸ்ங்கற கடல் மேப்ல எடுத்துப் பாருங்க, வேற ஆளு. மரம் சும்மா வருது, மீன் கூட வருது, டாக் (கப்பல் துறை) கட்டினாலே அஞ்சு பேருக்கு இடம் கிடைக்குது வீடு கட்டற வேலையும் குறையுது, கடைசி ஏஜான இம்பீரியல் வந்தா திரிசடைன்னு ஒரு பெரிய கப்பல் வரும், ஒரே நேரத்துல பல அம்பு விடும், அத நாலு சேத்து விட்டா அந்தப் பக்கம் கரையே காலி.

கேசில் (கோட்டை) கட்டினா வர்ற ஆளு உருமி வாள்காரன், நம்ம சுருள்வாள் தான். முதல் அடிய சார்ஜ் பண்ணி வச்சிருப்பான், சுத்தி நிக்கற எல்லாருக்கும் சேத்து விழும். அதோட வூட்ஸ் ஸ்டீல்ங்கற ஆராய்ச்சிய போட்டுட்டீங்கன்னா எதிராளி எவ்ளோ கவசம் மாட்டியிருந்தாலும் கணக்குலயே வராது. ஆனா அது வரைக்கும் உயிரோட இருக்கணுமே!

சுருக்கமா கேட்டா, கடல் மேப் புடிக்கும்னா வாங்குங்க. அரேபியா தவிர வேற எதுவும் ஆட மாட்டேன்னா நம்மாளுங்கற பாசத்துல வாங்கி நொந்து போகாதீங்க.

வல்வெட்டிக்காற்று:
நான் இத வெளிவந்த கிழமையே வாங்கினனான். ரேங்க்ட் ஒண்டும் நான் விளையாடுறேல்ல, எனக்கு கம்பெயின் (கதையா வாற மிஷன்) தான். மூண்டு கம்பெயின் இருக்கு, பாபர், தேவபாலர், ராஜேந்திர சோழர், ஒவ்வொண்டிலையும் அஞ்சு கட்டம், குரலெல்லாம் போட்டு செய்திருக்கிறாங்கள். ஆனைக்காரன் கம்பெயின பற்றி ஒரு வரியும் எழுதேல்ல, எனக்கெண்டா பத்து டொலருக்கு அது தான் சாமான். 1025ல ஸ்ரீவிஜயத்துக்கு கப்பல் விட்ட கதைய பள்ளிக்கூடத்தில ரெண்டு வரியில படிச்சிட்டு விட்டனாங்கள், இதில நீங்களே கப்பல் கட்டி மரத்துக்கு அல்லாடி கொண்டுபோய் இறக்க வேணும். வில்லேஜர கிளிக் பண்ணினா தமிழில பதில் சொல்லுறான், முதல் நாள் வேலையில்லாமல் அவன திரும்பத் திரும்ப கிளிக் பண்ணிக்கொண்டு இருந்தனான்.

பேர் தான் எனக்குப் பிடிக்கேல்ல. மற்றவைக்கு குர்ஜராஸ், பெங்காலிஸ் எண்டு இருக்கு, எங்களுக்கு மட்டும் ஒரு மொழிக் குடும்பத்தின்ர பேர். சோழர், சாளுக்கியர், விஜயநகரம் எல்லாத்தையும் ஒரே சாக்குக்குள்ள கட்டிப் போட்டிருக்கிறாங்கள். சாளுக்கியர் இதைக் கேட்டா சோழரோட சண்டைக்கு வந்திருப்பினம், ஏற்கெனவே சண்டை தானே.

பழையசிப்பாய்:
இங்க எல்லாரும் டிஎல்சின்னா ஏதோ புது கொள்ளை மாதிரி பேசறீங்க. 1999ல இதே கேம் ஏஜ் ஆஃப் கிங்ஸ்னு வந்தப்ப 13 சிவ். 2000ல கான்கரர்ஸ் வந்துச்சு, அஸ்டெக், மாயன், ஸ்பானிஷ், கொரியன், ஹன்ஸ்னு அஞ்சு, அதுவும் தனி பெட்டி தனி காசு. தம்பி தூக்கம்வரல, நீங்க ரெண்டுல ஒண்ணா ஆடற மாயன்ஸே அந்த காலத்து காசு சிவ் தான். நாம காசு குடுக்கலங்கறது வேற விஷயம், பிரவுசிங் சென்டர்ல மணிக்கு 20 ரூவா குடுத்தோம், அவன் எங்கேருந்து காப்பி பண்ணான்னு யாரும் கேக்கல. அஞ்சு சிவ்ல நாலு வருஷம் ஓட்டினோம். ஹன்ஸுக்கு வீடு கட்ட வேணாம்ங்கறதுக்காக அதுக்கு மட்டும் சண்டை நடக்கும்.

பேட்டில்பேக்கரி:
கேம் மாறினா பதிலும் மாறும் அதையும் சொல்லிடறேன். நான் டோட்டல் வார் வார்ஹேமர் ஆள். அங்க நீங்க வாங்காத படையும் மேப்ல கம்ப்யூட்டர் கைல திரியும், அடிவாங்கி அடிவாங்கி அதோட யூனிட் எல்லாம் மனப்பாடம் ஆயிடும், அதுக்கப்புறம் பிடிச்சிருந்தா வாங்கலாம், இது நல்ல ஏற்பாடு. ஆனா 2023 ஆகஸ்ட்ல ஷேடோஸ் ஆஃப் சேஞ்ச்னு ஒண்ணு 25 டாலருக்கு விட்டாங்க, இவ்ளோ காசுக்கு இவ்ளோ தானான்னு ஆளுங்க கொதிச்சிட்டாங்க, கடைசில 2024 பிப்ரவரில அதே டிஎல்சிக்குள்ள கூடுதலா யூனிட் சேத்துக் குடுத்தாங்க, ஏற்கெனவே வாங்கினவங்ககிட்ட மறுபடி காசு கேக்கல. முதல் நாள் வாங்கினவன விட ஆறு மாசம் பொறுத்தவன் ஜெயிச்சான்.

சிவிலைசேஷன் 7 இன்னும் காமெடி. 2025 பிப்ரவரில வந்த கேம், சோழா அடிப்படை கேம்லயே இருக்கு, பைசா கூட வேணாம். கிரேட் பிரிட்டன் வேணும்னா தனியா காசு கட்டணும். உலகம் பூரா இதுக்கு கத்தினாங்க, நான் மட்டும் சிரிச்சிட்டு இருந்தேன்.

தூக்கம்வரல:
ஆஹா இவ்ளோ பேர் வருவீங்கன்னு நினைக்கல. மாயன்ஸ் மேட்டர் ரூம்மேட்டுக்கு படிச்சு காட்டிட்டேன், வாய மூடிட்டான். ரெண்டு கேள்வி பாக்கி. டிஎல்சி இல்லாத நான் டிஎல்சி வச்சிருக்கறவன் கூட சேர்ந்து ஆட முடியுமா? அப்புறம் எதெல்லாம் கண்ண மூடிட்டு தவிர்க்கணும்?

குதிரைலாயம்:
ஆடலாம், ஒரே லாபில (ஆட்டத்துக்கு முன்ன ஆளுங்க சேர்ற இடம்) தாராளமா, நீங்க அந்த சிவ்வ எடுக்க முடியாது அவ்ளோதான். ஆளுங்கள பிரிச்சு வைக்கல, அது ஒண்ணுக்காகவே இந்த கேம திட்ட மனசு வரமாட்டேங்குது. பழைய இந்தியன்ஸ் சிவ் ஹிந்துஸ்தானிஸ்னு பேர் மாறி உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கும் பாருங்க, ஒட்டகம் பிடிக்கும்னா முதல்ல அத ஆடுங்க, செலவே இல்ல.

தவிர்க்கறதுன்னா, உங்களுக்கு சிவ் தான் வேணும்னா விக்டர்ஸ் அண்ட் வான்க்விஷ்ட் வேண்டாம், அதுல புது சிவ்வே கிடையாது, மிஷன் மட்டும், அதுலயும் நிறைய ஏற்கெனவே இலவசமா சுத்தின மிஷன தட்டிக் கொட்டி குடுத்தது. க்ரானிக்கிள்ஸ் பேர்ல வர்றது ஏதென்ஸ் ஸ்பார்ட்டான்னு பழங்காலத்து கதை, கம்பெயினுக்குன்னா ஜோர். த்ரீ கிங்டம்ஸ் 2025 மே மாசம் வந்துச்சு, அஞ்சு சிவ், ஆனா அதுல மூணு ஒரே சீனாவ பிரிச்சு எடுத்தது, இம்பீரியல்ல ஹீரோ வேற இறக்கலாம், நம்ம கேம்ல ஹீரோவான்னு பழைய ஆளுங்க இன்னும் மூக்க சிந்திட்டு இருக்காங்க. எனக்கும் அது ஒட்டல.

ஸ்டீம்ல வாங்கினா ஒரு வசதி இருக்கு, 14 நாளைக்குள்ள, டிஎல்சி வாங்கின பிறகு கேம ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆடாம இருந்தா ரீஃபண்ட் கேக்கலாம். ரெண்டு மணி நேரத்துல மூணு ஸ்கிர்மிஷ் (கம்ப்யூட்டரோட தனி ஆட்டம்) ஆடிடலாம், தெரிஞ்சிடும். விலை கம்மின்னு கீ (கேம ஆக்டிவேட் பண்ற கோட்) விக்கிற சைட்டுக்கு மட்டும் போயிடாதீங்க, நான் ஒரு தடவ போய் (பேரு வேணாம்) வந்த கீ வேற நாட்டுக்கானது, காசும் போச்சு, மெயிலுக்கு பதிலும் இல்ல.

தூக்கம்வரல:
அப்டேட். சேல் வரைக்கும் பொறுக்கலாம்னு தான் இருந்தேன், ராத்திரி ஒரு மணிக்கு கை கேக்கல, டைனஸ்டீஸ் மட்டும் வாங்கிட்டேன். வல்வெட்டிக்காற்று சொன்ன மாதிரி முதல் அரை மணி நேரம் வில்லேஜர கிளிக் பண்றதுலயே போச்சு, ரூம்மேட் எந்திரிச்சு வந்து என்னடா கேம்ல தமிழ் கேக்குதுன்னு பாத்துட்டு அவனும் பக்கத்துல உக்காந்துட்டான். அப்புறம் புத்தி கெட்டு நேரா அரேபியா ரேங்க்ட் போனேன். 24வது நிமிஷம் எதிராளி நைட்டோட வந்தான், ஆனைக்காரன் எழுதின அதே தங்கச் சுரங்கம், அதே வில்லேஜர்.

ஆனைக்காரன்:
சொன்னேனா இல்லயா 😂 அந்த சிவ்வ அரேபியால இருந்து வெளிய கூட்டிட்டு வாங்க முதல்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஐலண்ட்ஸ் லாபி போடறேன், உங்க ரூம்மேட்டையும் வரச் சொல்லுங்க, டிஎல்சி இல்லன்னாலும் ஹிந்துஸ்தானிஸ் எடுக்கட்டும். குதிரைலாயம் நீங்களும் தான், ஃப்ராங்க்ஸ் வேணாம்.

குதிரைலாயம்:
ஃப்ராங்க்ஸ் இல்லனா வரல.