போர் தண்ணீர் உப்புக்கறைக்கு ஆசிட் இல்லாமல் வழி இருக்கிறதா? வேலூர்க்காரர்கள் சொல்லுங்கள்

சத்துவாச்சாரிவாசி:
இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. போர் தண்ணீர்தான், உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு, ராத்திரி பக்கெட்டில் பிடித்து வைத்தால் காலையில் ஓரத்தில் வெள்ளை வளையம் நிற்கிறது. போன வாரம் பாத்ரூமில் ஆசிட் ஊற்றினேன், போதவில்லை என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவினேன். இரண்டே நிமிடம்தான், தொண்டையைப் பிடித்துக்கொண்டது, கண் எரிய வெளியே ஓடி வந்தேன், ராத்திரி முழுக்க இருமல். பையனுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு, நல்லவேளை ஸ்கூலில் இருந்தான். வீடியோ பார்த்து வினிகரும் ஆப்பசோடாவும் கலந்து ஊற்றினேன், நுரை பொங்கியது, கறை அப்படியே இருக்கிறது. மாமியார் "புளி, சாம்பல் போதும்மா" என்கிறார். பாத்ரூம் டைல்ஸ், சமையல் மேடை கடப்பா கல், ஹாலில் பழைய மொசைக். என்ன செய்யலாம்?

காட்பாடி வாத்தியார்:
அம்மா, நீங்கள் தயாரித்தது குளோரின் வாயு. ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் அதுதான் வரும். காற்றைவிடக் கனம் என்பதால் மூடிய பாத்ரூமில் கீழேயே தங்கும், குனிந்து தேய்க்கிறவர் மூக்குக்கு நேராக. முக்கியமாக ஒன்று: எலுமிச்சை, வினிகர், புளி எதுவானாலும் பிளீச்சிங் பவுடரோடு சேரக்கூடாது, இயற்கை என்பதற்காக அது விட்டுவிடாது.

வினிகரும் சோடாவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தீர்ந்துபோகும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு, மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர், அதில் கறை எப்படிப் போகும்? உப்புக்கறை பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. அதற்குப் புளிப்பு மட்டும் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கேளுங்கள் (சிட்ரிக் ஆசிட்தான்), ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. துணியை நனைத்துக் குழாயில் இருபது நிமிடம் சுற்றி வைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். எட்டு மாதக் கறை ஒரே நாளில் போகாது, மூன்று நான்கு தடவை ஆகும்.

ஆனால் கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல்தான், மொசைக்கில் இருப்பது மார்பிள் சில்லு. புளிப்பு பட்டால் கறையோடு கல்லையும் தின்னும். அந்த இரண்டு இடத்திலும் வேண்டாம்.

குடியாத்தம் அக்கா:
வாத்தியார் சொன்னது சரி. தரைக்கு நான் பூந்திக்கொட்டைதான். பத்துப் பதினைந்து காயைக் கொட்டை நீக்கி ராத்திரி ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டினால் போதும், நம்ம ஊர் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும், இது திரியாது. பாத்திரத்துக்கும் இதுவே. மூன்று நாளுக்கு மேல் வைத்தால் நாறும், அளவாகச் செய்யுங்கள், கண்ணில் பட்டால் எரியும். மாமியார் சொன்ன சாம்பல் எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லது, புளி பித்தளைக்கு. நான்ஸ்டிக் தவாவில் சாம்பல் போட்டு நான் ஒரு தவாவையே தொலைத்தேன், அது வேறு கதை.

பாலாற்றங்கரை:
பயோ என்சைம் (பழத்தோலைப் புளிக்கவைத்து எடுக்கிற, கழுவுவதற்கான தண்ணீர்) செய்யலாம். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். ஜூஸ் கடையில் கேட்டால் தோல் சும்மாவே தருவார்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள். ஏப்ரலில் மறந்துபோய் ஊருக்குப் போனேன், வேலூர் வெயிலில் பாட்டில் வெடித்து ஸ்டோர் ரூம் முழுக்கப் புளித்த நாற்றம், சுண்டெறும்பு வேறு. கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். இதுவும் புளிப்புதான், கடப்பா கல்லில் படக்கூடாது.

செப்டிக் டேங்க் இருக்கிற வீடு என்றால் ஆசிட், பிளீச்சிங்கை மாதக்கணக்கில் கொட்டினால் உள்ளே கழிவை மக்கவைக்கிற கிருமிகளும் செத்துப்போகும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது என்று 1996ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது, நாம் எல்லோரும் பேசுகிறோம். நம் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்று மட்டும் கேட்க மாட்டோம்.

வார்டு நர்ஸ்:
எல்லோரும் பிளீச்சிங்கை வில்லனாக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது டைபாய்டு, வயிற்றுப்போக்கு என்றால் கழிவறைக்குப் பூந்திக்கொட்டை போதாது, அழுக்குப் போகும், கிருமிக்கு அதை நம்ப முடியாது. அப்போது பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, ஜன்னல் திறந்து, கையுறை போட்டு, தனியாக உபயோகியுங்கள். அன்றைக்கு வேறு எதையும் ஊற்றக்கூடாது. தினமும் தேவையில்லை, அவ்வளவுதான்.

சத்துவாச்சாரிவாசி:
எல்லோருக்கும் நன்றி. எலுமிச்சை உப்பு இரண்டு தடவை போட்டாயிற்று, குழாய் பாதி மின்னுகிறது. ஆனால் வாத்தியார் சார், உங்கள் பதிலைப் படிப்பதற்கு முன்பே கடப்பா மேடையில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துவிட்டேன், ஒரு இடம் வெளிறிப்போயிற்று. மாமியார் இன்னும் பார்க்கவில்லை.

காட்பாடி வாத்தியார்:
நன்றாகக் கழுவிக் காயவிட்டு, துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். கறுப்பு ஓரளவு திரும்பும். அவர் பார்ப்பதற்குள் செய்துவிடுங்கள்.